காய்ச்சலுக்கு நீங்களே பெயர் சூட்டாதீர்கள்

தெலுக் பங்லிமா காராங் வட்டாரத்துத் தோட்டப்புறங்களிலே, பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் பனடோலைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்து, வலிப்பும் பிதற்றலும் தோன்றிய பின்னரே ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும், அங்கே முதுகுத்தண்டில் நீர் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னவுடன், ‘கால் விளங்காமல் போய்விடும்’ என்று அஞ்சிக் கையொப்பமிட மறுப்பதும் ஓயாமல் நிகழ்கின்றன.

டிங்கியை அறிந்த நம் ஜனங்கள் ஜப்பானிய மூளைக்காய்ச்சலை மறந்துவிட்டார்கள். நீர்ப்பறவைகளிடத்தும் பன்றிகளிடத்தும் பெருகும் அந்நோய்க் கிருமியைக் கியூலெக்ஸ் கொசு அந்திக்குப் பின் மனிதனுக்கும் குதிரைக்கும் கொண்டுவருகிறது. இவ்விரு பிராணிகளிடமிருந்தும் அது மேலே பரவுவதில்லை; ஆயினும் இரண்டின் மூளையையும் சிதைக்க வல்லது. 1952-இல் மூவாரிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த நோயாளியிடம் கண்ட அக்கிருமியின் ஐந்தாம் மரபுவகை, அரை நூற்றாண்டு மறைந்திருந்து, 2009-இல் திபெத்துக் கொசுக்களில் மீண்டும் வெளிப்பட்டது.

பெயரைத் தவறாகச் சூட்டினால் என்ன நேரும் என்பதற்கு 1998–99-ஆம் ஆண்டே சாட்சி. ஈப்போவிலும் புக்கிட் பெலாண்டோக்கிலும் பன்றி வளர்த்தோர் மடிந்தபோது, இது ஜப்பானிய மூளைக்காய்ச்சலே என்று தீர்மானித்து உத்தியோகஸ்தர்கள் கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். பன்றியிலிருந்து நேரே தொற்றிய நிப்பா கிருமி 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இனங்காணப்படும் வரை அந்தப் பிடிவாதம் நீடித்தது. 105 பேர் மாண்டனர்.

ஆகவே, காய்ச்சலோடு கடுந்தலைவலியோ, வாந்தியோ, கழுத்து விறைப்போ, மயக்கமோ, வலிப்போ கண்டால் ஒரு நாளும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். முதுகுத்தண்டு நீர்ச் சோதனைக்கு இணங்குங்கள். முறையாகச் செய்தால் அது கால்களை முடக்குவதில்லை. தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் (1988), பத்தாம் பிரிவின்படி, மருத்துவர் இத்தகைய மூளைக்காய்ச்சலை மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு உரிய படிவத்தில் அறிவிக்கக் கடமைப்பட்டவர். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் அக்கடமை உண்டு. அரசாங்கக் கிளினிக்கிலோ, போலீஸ் நிலையத்திலோ, கிராமத் தலைவரிடமோ தெரிவிக்கலாம். அறிவித்தாயிற்றா என்று வாய்விட்டுக் கேளுங்கள். தேதியையும், பெற்றுக்கொண்டவர் பெயரையும் குறித்துவையுங்கள். தள்ளாடும் குதிரையையோ, திடீரென மடியும் பன்றிகளையோ கண்டால் மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.

சரவாக்கில் தேசியத் தடுப்பூசித் திட்டத்திலேயே இருக்கும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசியைத் தீபகற்பத்தார் தனியார் கிளினிக்கில் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இச்செய்தியை அதிகாரிகள் தமிழிலும் சொல்லலாகாதா? மூளையைத் தாக்கிய பின் இந்நோய்க்கென்று தனி மருந்து இல்லை. பிழைத்தவர்களிலும் 30 முதல் 50 சதவீதத்தினர் நிரந்தரக் குறைபாட்டோடு வாழ நேரலாம். மீண்டும் சொல்கிறேன்: காத்திராதீர்கள், சோதனையை மறுக்காதீர்கள், அறிவிப்பை வற்புறுத்திக் கேளுங்கள்.