கண்டு வருவோம், கொண்டு வரவேண்டாம்

கோடை விடுமுறை தொடங்கியதும், பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்னும் கேள்வி இல்லந்தோறும் எழுகின்றது. உடன்குடிப் பகுதியில் வாழும் நாம் இதற்காக நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. ஒருபுறம் செம்மணல் தேரி. மறுபுறம் மணப்பாட்டுக் கடற்கரை. காலையிலேயே புறப்பட்டு மணப்பாட்டு மேட்டில் ஏறி நின்றால், அலைகடலும் உப்பங்கழியும் ஒருங்கே தோன்றும். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் தங்கிச் செபித்ததாகப் போற்றப்படும் குகையும் அங்கே உண்டு.

நாம் அங்கே காண்பது மன்னார் வளைகுடாவாகும். இவ்வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையேயுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பூங்கா என்றதும் மலர்ச்செடிகளையும் ஊஞ்சலையும் தேடவேண்டாம். இங்கே தோட்டம் நீருக்கடியில் இருக்கின்றது. பவளப் பாறைகளே அதன் செடிகள். கடற்புல் வெளிகளே அதன் புல்தரை. ஆமையும் கடற்பசுவும் அங்கு மேய்கின்றன.

ஆனால் அந்த 21 தீவுகளுள் இரண்டு இன்று நீருக்கு மேல் இல்லை. பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் கடலுள் மறைந்துவிட்டன. காரணம் யாது? பவளப் பாறை, அலையின் வேகத்தைத் தடுக்கும் இயற்கை மதிலாகும். சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் அது பல்லாண்டுகள் வெட்டியெடுக்கப்பட்டது. மதில் இழந்த தீவை அலை அரித்தது. வெட்டியவர் கூலிக்குச் சென்ற ஏழைகள். வாங்கிச் சுவர் எழுப்பியவர்களோ வேறு பலர். பழியை ஏழைமேல் மட்டும் சுமத்துதல் நீதியன்று.

2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலுக்குள் வந்தன. தூத்துக்குடிக்கு அருகே தேய்ந்துவந்த வான் தீவைக் காக்க, அண்மை ஆண்டுகளில் கான்கிரீட்டாலான செயற்கைப் பாறைகள் கடலில் இறக்கப்பட்டுள்ளன. அலையின் வேகம் தணிந்து, மணல் மீண்டும் சேரத் தொடங்கியுள்ளது. ஆயினும், கடல் இலவசமாகக் கட்டித் தந்த மதிலுக்கு ஈடாக மனிதன் பெரும் பொருள் செலவிட வேண்டியதாயிற்று அன்றோ?

ஆகவே பெற்றோரே, கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள், நெடுந்தூரம் நடக்கவிடுங்கள். வனத்துறையின் அனுமதியின்றித் தீவுகளில் கால் வைக்கவேண்டாம். கொண்டுசென்ற பிளாஸ்டிக் பைகளைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அழகுப் பொருளென்று பவளத் துண்டை எவரேனும் விற்றால், வாங்காதீர்கள். ஏன் வாங்கலாகாது என்பதைப் பிள்ளைகளுக்கு அவ்விடத்திலேயே சொல்லுங்கள். வெளியூர் உறவினருக்குக் கொடுத்தனுப்ப நம்மிடம் கருப்பட்டி இருக்கின்றது, அது போதும்.