இரவு ராணியின் மணிக்கூடு

பொழுது பட்ட பிறகு கண்டியின் மேட்டு ஒழுங்கைகளில் நடந்து பாருங்கள். எந்த வளவில் இரவு ராணி நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். பகலில் அதே செடியை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. வெளிறிய பச்சையில் ஒல்லிக் குழல்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும், வாய் மூடியிருக்கும், மூக்கருகே பிடித்தாலும் வாசம் அனேகமாக இராது.

அந்த வாசம் நமக்காக அல்ல, அந்துப்பூச்சிக்காக. குழலின் அடியில் இருக்கும் தேனை எட்ட நீண்ட உறிஞ்சுகுழல் வேண்டும். அது உள்ள அந்துப்பூச்சிகள் பெரும்பாலும் பறப்பது இருட்டில். ஆகவே செடிக்குள் ஒரு மணிக்கூடு ஓடுகிறது. விருந்தாளி வரும் வேளையில்தான் பூவைத் திறந்து மணத்தை அவிழ்த்துவிடும்.

சிங்கள அயலவர் சேபாலிகா என்று சொல்லும் பவளமல்லிகையும் இரவுக்காரிதான். அந்தியில் விரிந்து விடியலில் உதிர்ந்துவிடும். நிலத்தில் விழுந்த பூவைச் சாமிக்கு வைக்கும் வழக்கம் இதற்கு உண்டு. ஒரு பூவை எடுத்து அதன் செம்மஞ்சள் காம்பை விரலில் தேய்த்தால் சாயம் ஒட்டும். குங்குமப்பூவுக்கு நிறம் தரும் குரோசெட்டின்தான் இதிலும் இருக்கிறது.

இரவு ராணியை வளர்ப்பது சிரமமில்லை. ஏறக்குறைய 500 மீற்றர் உயரமும் இரண்டு பருவமழையும் கண்டியில் அதற்குத் தோதானவை. பென்சில் தடிப்புள்ள தண்டை அரையடிக்கு வெட்டி, மணலும் கூட்டெருவும் கலந்த பையில் ஊன்றினால் சில கிழமைகளில் வேர் பிடிக்கும். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் மட்டும் நடாதீர்கள், வேர் அழுகிவிடும். ஆண்டில் பல தடவை பூக்கும். ஒவ்வொரு முறை பூத்து ஓய்ந்ததும், தேயிலைக்குச் செய்வதுபோல் கவ்வாத்து வெட்டினால் புதுத் துளிரில் மறுபடி மொட்டு வரும்.

வாசத்துக்குப் பாம்பு வரும் என்பார்கள். பாம்புக்குப் பூமணத்தில் என்ன அக்கறை? அடர்ந்த புதரடியில் தவளையும் எலியும் இருந்தால் வரும். அடியைத் துப்புரவாக வைத்திருங்கள். உண்மையில் பயப்பட வேண்டியது அதன் வெள்ளைப் பழங்களுக்குத்தான். இது கத்தரிக் குடும்பம் என்றாலும் பழம் நஞ்சு, இலையும் அப்படியே. சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் காய் பிடிக்குமுன் கொத்தை நறுக்கிவிடுங்கள்.

படுக்கையறை யன்னலடியும் வேண்டாம். நான் அங்கே நட்டு, மூன்றாம் இரவே தலையிடியோடு எழுந்து யன்னலைச் சாத்தினேன். இப்போது அது மதிலோரம் நிற்கிறது.