குளியலறை மாறினால் குழாயும் மாறணும்

ஆம்பூர்ப் பக்கம் பழைய வீடுகளில் குளியலறை கொல்லைப்புறத்தில்தான். பெரியவர்களுக்கு முட்டி வலி வந்ததும், "படுக்கையறை பக்கமே வெச்சுக் குடுங்க" என்று என்னைக் கூப்பிடுவார்கள். டைல்ஸ் நிறத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். கழிவுநீர் எந்த வழியாகப் போகும் என்று கேட்பவர் அபூர்வம்.

நான் முதலில் மட்டக்குழாயைப் பிடித்து, வெளித் தொட்டியின் ஆழத்தைத்தான் பார்ப்பேன். 10 அடி ஓட்டத்துக்கு 3 அங்குலம் சரிவு வேண்டும். புது இடம் 20 அடி தள்ளி என்றால் 6 அங்குலம். அந்த இறக்கம் கிடைக்காவிட்டால் தரையை உயர்த்தணும். முட்டி வலிக்காரர் படி ஏறணும்! அதற்கு வேறு மூலை தேடுவது மேல்.

திருப்பத்தில் 90 டிகிரி எல்போ வைக்க மாட்டேன். 45 டிகிரி பெண்டு இரண்டு. தலைமுடியும் சோப்பும் சிக்குவது 90 டிகிரி எல்போவில்தான். குளியல் நீருக்கு 75 மி.மீ., கழிப்பறைக்குத் தனியாக 110 மி.மீ. டிராப்பில் 50 மி.மீ. தண்ணீர் நின்றால் நாற்றம் ஏறாது.

சிலர் பக்கத்துத் தோல் டேனரியின் கழிவுக் குழாயைக் காட்டி, "இதுலயே விட்டுடலாமே" என்பார்கள். முடியாது. டேனரிக் கழிவால் பாலாறு கெட்டதற்காக 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்ன பகுதி இது. அந்தக் குழாய் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவது.

கடைசி முனையை அடைத்து, குழாயில் தண்ணீர் நிரப்பி ஒரு ராத்திரி விடுவேன். மட்டம் இறங்காவிட்டால்தான் கொத்தனாரைத் தரை மூடச் சொல்வேன்.