எதுக்காவது ஆகும்!

கும்பகோணத்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்குப் பொங்கல் வருகிறதென்றால் கூடவே இளைப்பும் வரும். மார்கழிப் பனி ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். விடியக்காலையில் தலையில் துணி சுற்றிக்கொள்ளாமல் கோலம் போடப் போனதுதான் காரணம் என்று பெரியப்பா, இருந்தவரை, தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தார். போகிக்கு முன்னே பின்னே ஒரு நாள் டாக்டரிடம் ஓடுவது, மூக்கில் மூடி வைத்து மருந்துப் புகை பிடிப்பது, வீடு திரும்பிப் பொங்கல் வைப்பது என்று நாலைந்து வருஷம் போனது. புதிதாக வந்த ஒரு டாக்டரம்மாதான் கேட்டார்: "மூச்சு முட்டறதுக்கு முந்தின நாள் என்ன செஞ்சீங்க பாட்டி?"

"புதுசா என்ன? வருஷா வருஷம் செய்யறதுதான். பரண் சாமானையெல்லாம் இறக்கித் தட்டி, தொடச்சு, திரும்ப ஏத்தினேன்."

திரும்ப ஏற்றியதில்தான் விஷயமே இருக்கிறது. அடுத்த மார்கழியில் இறக்கும் வேலைக்கு நான் போயிருந்தேன். காதறுந்த இட்லிப் பானை. மூடியில்லாத ஹார்லிக்ஸ் பாட்டில்கள் ஒரு சாக்கு. பிள்ளைகளே இன்று பிள்ளை பெற்றுவிட்ட அத்தை மகளின் கல்யாணப் பத்திரிகைகள், கட்டுப் பிரிக்காமல். பாடாத டிரான்சிஸ்டர், பஞ்சு பிதுங்கிய இலவம் மெத்தை. துணிக்கடைக் கட்டைப்பைகள் ஒன்றுக்குள் ஒன்றாக, எண்ணிப் பார்த்தேன், முப்பத்தேழு. ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டிக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "இருக்கட்டும்டா, எதுக்காவது ஆகும்."

இந்த வார்த்தையைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. ரேஷன் சர்க்கரைக்கு வரிசையில் நின்ற தலைமுறையின் சிக்கனம் அது. அன்றைக்கு வீட்டுக்குள் வந்த சாமான் கொஞ்சம். வந்தது உண்மையிலேயே எதற்காவது ஆனது. கிழிந்த வேட்டி கரித்துணியானது, ஓட்டைக் குடம் பூச்செடிக்குப் போனது. இன்று ஒரு பிரியாணி வாங்கினால் நாலு பிளாஸ்டிக் டப்பா கூடவே வருகிறது. வரத்து இப்படிப் பெருகிய பிறகும் பழக்கம் மட்டும் அதே இடத்தில் நிற்கிறது.

பரணில் என்ன வளர்கிறது?

டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை முழுக்க மழை. பரணில் இருக்கும் அட்டைப்பெட்டி, பழைய நோட்டு, பருத்தித் துணி எல்லாம் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். பூஞ்சைக்கு இதைவிட நல்ல இடம் வேண்டாம். மார்கழிக் கடைசியில், போகிக்காக அந்தப் பெட்டியைத் தட்டும்போது கிளம்புவது தெருவிலிருந்து வந்த மண் மட்டுமல்ல. பூஞ்சையின் விதைத்துகள், கரப்பான் எச்சம், செத்த பூச்சிகளின் ஓட்டுத்துணுக்கு எல்லாம் அந்தத் தூசியில் உண்டு.

இன்னொன்றும் உண்டு: தூசி உண்ணி. நீளம் சுமார் 0.3 மில்லிமீட்டர்தான், கண்ணுக்குத் தெரியாது. மெத்தை, தலையணை, அடுக்கி வைத்த கம்பளி இதெல்லாம் அதன் ஊர். நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்தான் சாப்பாடு. தண்ணீரைத் தேடிப் போவதில்லை. காற்றில் இருக்கும் ஈரத்தை உடம்பாலேயே உறிஞ்சிக்கொள்ளும். கடிக்காது. நமக்கு ஆகாதது அதன் எச்சத்தில் உள்ள புரதம். அது மூச்சில் போனால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அடுக்குத் தும்மல், கண் அரிப்பு, இளைப்பு. உண்ணி செத்தாலும் எச்சம் அங்கேயே கிடக்கும். பெரியம்மாவின் இலவம் மெத்தை பத்து வருஷமாக யாரும் படுக்காத மெத்தை. அதைத்தான் ஒவ்வொரு போகிக்கும் திண்ணையில் போட்டுத் தடியால் அடித்துக்கொண்டிருந்தார்.

வெந்நீர்தான் உண்ணிக்கு எதிரி. போர்வை, தலையணை உறைகளை 60 டிகிரிச் சூட்டில் துவைத்தால் உண்ணியும் சாகும், எச்சமும் கரைந்து போகும். துவைக்க முடியாத பழைய மெத்தையை வெளியே அனுப்புவதைத் தவிர வேறு மருத்துவம் இல்லை.

பூச்சியைவிடப் பொல்லாத மருந்து

அடைசல் இருக்கும் இடத்துக்குக் கரப்பான் வரும், எலி வரும். எலி வந்தால் அதன் சிறுநீர் வழியே எலிக்காய்ச்சல் வரலாம் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் இவற்றை விரட்ட நாம் வாங்கி வைக்கும் சாமான் இன்னும் ஆபத்தானது என்பது என் கட்சி.

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையை எடுத்துக்கொள்ளுங்கள். விழுங்கியவருக்கு முதல் ஓரிரு நாள் பெரிதாக ஒன்றும் தெரியாமல்கூட இருக்கலாம். அதற்குள் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. தமிழ்நாட்டில் இதற்குத் தடை உண்டு. தடைக்கு முன்னால் வாங்கிய டியூப் எத்தனை பரண்களில் கிடக்கிறதோ! அதை முதலில் தேடி எடுங்கள்.

அடுத்தது பாச்சை உருண்டை. நாப்தலின்தான் அது. மிட்டாய் என்று குழந்தை வாயில் போட்டுக்கொள்வது ஓர் ஆபத்து. கண்ணுக்குத் தெரியாத ஆபத்து தூளியில் இருக்கிறது. பேரன் பிறந்ததும் பீரோவிலிருந்து பழைய நூல் சேலையை எடுத்து அப்படியே தூளி கட்டுகிறோம். சிலருக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும். அப்படிப்பட்ட பச்சைக் குழந்தை நாப்தலின் வாசத்தில் படுத்திருந்தால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, மஞ்சள் காமாலை கடுமையாகிவிடக்கூடும். குறைபாடு இருப்பது பெரும்பாலும் முன்கூட்டித் தெரியவும் தெரியாது. அதனால் உருண்டை வாசமே படாத சேலையாகப் பார்த்துத் தூளி கட்டுவதுதான் சரி.

கொல்லையில் ஓர் ஆட்டுக்கல்

பெரியம்மா வீட்டில் கிரைண்டர் வந்த அன்றே ஆட்டுக்கல் கொல்லைக்குப் போய்விட்டது. நகர்த்த நாலு ஆள் வேண்டும். குழவியை யாரோ கொண்டுபோய்விட்டார்கள். குழி மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் எட்டிப் பார்த்தபோது உள்ளே இரண்டு விரல் உயரத்துக்கு மழைத்தண்ணீர், அதில் தலைகீழாகத் தொங்கித் துள்ளும் புழுக்கள்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது. ஆட்டுக்கல், கொட்டாங்குச்சி, பழைய டயர், ஃபிரிட்ஜின் பின்னால் உள்ள தட்டு, உடைந்த வாளி என்று தேங்கிய தெளிந்த தண்ணீர்தான் வேண்டும். முட்டை ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகிவிடும். வாரத்துக்கு ஒரு நாள் தண்ணீரைக் கொட்டச் சொல்லி மாநகராட்சி ஆட்கள் வீடு வீடாக வருவது இந்தக் கணக்கில்தான். பலரும் விட்டுவிடுகிற ஒன்று உண்டு. ஏடிஸ் முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை அங்கேயே காய்ந்து, மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். அடுத்த மழைக்குப் பொரியும். ஆகவே கொட்டினால் போதாது, நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

மருந்து டப்பா

எல்லா வீட்டிலும் ஒரு பிஸ்கட் டப்பா மருந்து டப்பாவாகியிருக்கும். பெரியம்மா வீட்டு டப்பாவில் பெரியப்பாவின் நெஞ்சுவலி மாத்திரைகூட இருந்தது. அவர் போய் ஆறு வருஷம். நம் ஊர்க் கடைகளில் அட்டையை நாலு மாத்திரை, ஆறு மாத்திரை என்று கத்தரித்துக் கொடுக்கிறார்கள். காலாவதித் தேதி பொறித்த ஓரம் பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும். தேதி இல்லாத துண்டு வீட்டில் இருந்து என்ன பயன்? கண் சொட்டு மருந்து திறந்து ஒரு மாதமானால் பாட்டிலில் எந்த வருஷம் போட்டிருந்தாலும் அதன் கதை முடிந்தது. தண்ணீர் கலக்கிய ஆன்டிபயாட்டிக் சிரப்பை "அடுத்த காய்ச்சலுக்கு ஆகும்" என்று வைத்திருப்பவர்களை என்ன சொல்ல! மிச்சமான ஆன்டிபயாட்டிக் எந்தக் காய்ச்சலுக்கும் ஆகாது.

பழைய மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்ட வேண்டாம். அட்டையிலிருந்து பிரித்து, காபிச் சக்கையோடு பிசைந்து, பையில் இறுகக் கட்டிக் குப்பையில் போட்டால் குழந்தையும் எடுக்காது, மாடும் தின்னாது.

ராத்திரி நடக்கும் வழி

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து சாகிறார்கள். இதில் வயதானவர்களே அதிகம். கட்டிலிலிருந்து கழிப்பறை வரையுள்ள பத்தடிதான் பல வீடுகளில் மிக ஆபத்தான சாலை. வழியில் அரிசி மூட்டை, சுருட்டி வைத்த பாய், மடங்கிய மிதியடி, சார்ஜர் வயர். இடுப்பெலும்பு முறிந்த எழுபது வயதுக்காரர் பழையபடி நடமாடுவது எளிதல்ல. பரணைச் சுத்தம் செய்ய ஒரு மாதம் ஆகட்டும், இந்தப் பத்தடியை இன்று ராத்திரிக்குள் காலி செய்துவிடலாம்.

சேர்ப்பது எப்போது நோயாகிறது?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்களில் 60 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. தங்கள் வீட்டைச் சுற்றிக் காட்டும்போது அடைசலையும் முடியாத வேலைகளையும் பற்றியே பேசிய பெண்களுக்கு, பொழுது சாயச் சாய இறங்க வேண்டிய கார்டிசால் என்ற ஹார்மோன் சரியாக இறங்கவில்லை. அடைசலால் அலுப்பா, அலுப்பால் அடைசலா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆண்களிடம் அப்படித் தெளிவாகத் தெரியவில்லை என்பதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. சாமானை யார் வாங்கினாலும், அதை ஒழிக்க வேண்டியவர் யார் என்பது எல்லா வீட்டிலும் முடிவான விஷயம்தானே!

பெரியம்மாவுடையது பழக்கம். சிலருக்கு இது நோய். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டின் 2013 பதிப்பில் இதற்குத் தனி நோயாகவே இடம் கொடுத்தது. ஒரு காலிக் கவரைத் தூக்கிப் போடச் சொன்னாலும் உயிரே போவதுபோல் தவிப்பு வரும். கட்டிலில் படுக்க முடியாது, அடுப்படியில் சமைக்க முடியாது என்கிற அளவுக்குச் சாமான் ஏறிவிடும். இவர்கள் ஊருக்குப் போயிருக்கும்போது பிள்ளைகள் ஆள் வைத்து வீட்டைக் காலி செய்துவிடுவது உண்டு. அது உதவியல்ல. நம்பிக்கை போய்விடும், சாமான் திரும்ப வந்துவிடும். பேச்சுவழிச் சிகிச்சைக்குப் பலன் உண்டு. 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். வயதான காலத்தில், முன்பு இல்லாத பழக்கமாகத் திடீரென்று சேர்க்கத் தொடங்கினால் மறதி நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். டாக்டரிடம் இதையும் சொல்லுங்கள்.

இறக்கும்போது

இளைப்புக்காரர் முதலில் வீட்டைவிட்டு வெளியே போய்விட வேண்டும். பெரியம்மாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பப் பெரிய பேரம் நடந்தது. கடைசியில் எதையும் அவரிடம் காட்டாமல் எறியமாட்டேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் கிளம்பினார். முகக்கவசம், திறந்த ஜன்னல், ஈரத்துணி. விளக்குமாறும் ஒட்டடைக் குச்சியும் அன்றைக்கு ஓய்வெடுக்கட்டும்; தூசியைக் கிளப்புவதைத் தவிர அவை ஒன்றும் செய்யாது. பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் முக்காலி போட்டு ஏறும் சர்க்கஸும் வேண்டாம். ஒரே நாளில் முடிக்க நினைத்தால் சாயங்காலம் எல்லாம் திரும்பப் பரணுக்குத்தான் போகும். நாங்கள் நாளைக்கு ஒரு மூலை என்று ஒன்பது நாள் எடுத்துக்கொண்டோம்.

பேப்பரும் இரும்பும் பழைய சாமான்காரருக்கு. உப்பிய செல்போன் பேட்டரியும் குழல் விளக்கும் மின்கழிவு எடுப்பவரிடம். விளக்கில் பாதரசம் உண்டு, உடைக்கக் கூடாது. போகித் தீக்கு எதுவும் இல்லை. டயரும் பிளாஸ்டிக்கும் எரியும் புகைக்குப் பரண் தூசியே தேவலை. 2018 போகியன்று சென்னையில் புகைமூட்டத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பின. இளைப்புக்காரர் நுரையீரல் என்ன பாடு பட்டிருக்கும்!

கட்டைப்பைகளில் ஐந்து தங்கின. கல்யாணப் பத்திரிகை ஒன்று தங்கியது, பெரியப்பாவின் கையெழுத்தில் விலாசம் இருந்ததால். டிரான்சிஸ்டரை நான் தொடவே இல்லை.

ஆட்டுக்கல்லைத்தான் யாராலும் அசைக்க முடியவில்லை. குழியைத் தேய்த்துக் கழுவி, நிறைய மண்ணைக் கொட்டி, ஓர் ஓமவல்லிக் கிளையை ஊன்றினோம். இந்தப் பொங்கலுக்குப் போனபோது அது கல்லை மூடிக் கிளைத்திருந்தது. பெரியம்மா நாலு இலை கிள்ளிக் கஷாயத்துக்குக் கொண்டுவந்தார். "பார்த்தியா, நான் அப்பவே சொல்லலே?" என்றார். "எதுக்காவது ஆகும்னு."