மொழியியல் படித்தால் என்ன ஆகும்?

சென்ற ஆனி மாதத்தில் ஒரு நாள் மாலை, தபாலாபீஸில் உத்தியோகம் பார்க்கும் நண்பர் ஒருவர் தம் புதல்வியை அழைத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தார். பெண் பி. ஏ. தேறியவள், பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். சிதம்பரம் சென்று அண்ணாமலை ஸர்வகலாசாலையில் மொழியியல் எம். ஏ. வாசிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை.

"ஸார்! தமிழ் இவளுக்குத் தெரியும், இங்கிலீஷும் தெரியும். தெரிந்த பாஷையைப் பற்றி இரண்டு வருஷம் என்ன படிக்கிறது? நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள்" என்றார் நண்பர். 'வேண்டாமென்று எடுத்துச் சொல்லுங்கள்' என்பதே அதன் தாத்பரியம் என்பது எனக்கு விளங்காமலில்லை. அவளோ வாய் திறவாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் நண்பரைப் பார்த்து, "கல், பங்கு, பகல் என்று மூன்று வார்த்தைகளை நிதானமாகச் சொல்லுங்கள்" என்றேன். சொன்னார். "மூன்றிலும் ககரம் ஒரே மாதிரியாகவா ஒலிக்கிறது?" என்று கேட்டேன். அவர் மீண்டும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத் திகைத்தார். ஐம்பது வருஷமாகப் பேசி வரும் பாஷையில் இந்த வேற்றுமை அவர் காதில் விழுந்ததேயில்லை!

விழாததற்குக் காரணம் உண்டு. முதலில் வந்தால் வல்லொலி, மெல்லினத்தை அடுத்தால் வேறொலி, இரண்டு உயிர்களுக்கு நடுவில் வந்தால் இன்னும் நெகிழ்ந்த ஒலி. இடமே ஒலியைத் தீர்மானித்துவிடுவதால் தமிழன் இதைக் கவனிக்க வேண்டிய அவசியமில்லை. தனி எழுத்தும் வேண்டியதில்லை. ஹிந்தியில் அப்படியன்று. காலத்துக்குரிய சொல்லையும் கன்னத்துக்குரிய சொல்லையும் பிரித்துக் காட்டுவது இந்த ஒலி வேற்றுமை ஒன்றே. பொருளை மாற்ற வல்ல ஒலிக்கு 'ஒலியன்' என்று பெயர். தமிழ் எழுத்தைக் 'குறையுடையது' என்று வடக்கத்தி நண்பர்கள் பரிகசிக்கும்போது இதைச் சொல்லலாம். (பஸ்ஸும் பாங்கியும் நம் பேச்சில் குடியேறிய பிறகு விவகாரம் சற்றுச் சிக்கலாகிவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.)

இந்தச் சாஸ்திரம் நம் ஊருக்கு அந்நியமானதுமல்ல. தெலுங்கு ஸம்ஸ்கிருதத்திலிருந்து பிறந்ததன்று, அது தமிழுக்கும் கன்னடத்துக்கும் உறவுடையது என்று 1816-இல் சென்னைக் கலெக்டர் எல்லிஸ் எழுதி அச்சிட்டார். காம்பெல் என்பவரது தெலுங்கு இலக்கணத்தின் முன்னுரையோடு அது வெளிவந்தது. நாற்பது வருஷம் கழித்து, 1856-இல், இடையன்குடிக் கால்டுவெல் திராவிட பாஷைகளின் ஒப்பிலக்கணத்தை விரிவாக இயற்றினார். பின்னர் 1935-இல் எமனோ என்ற அறிஞர் நீலகிரிக்கு வந்து, தோதவரிடமும் கோத்தரிடமும் அவர்கள் பேச்சை ஒலி ஒலியாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அப்போது அவர் சேகரித்த தோதவர் பாட்டுக்கள் 1971-இல்தான் புஸ்தகமாயின. ஏட்டில் ஏறாத ஒரு பாஷை, அதைப் பேசும் கடைசிக் கிழவியோடு போய்விடும். குறித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பயிற்சியும் வேண்டும்.

"அதெல்லாம் சரி ஸார், உத்தியோகம்?" என்றார் நண்பர். நியாயமான கேள்வி. 1969-இல் மைசூரில் ஏற்பட்ட இந்திய மொழிகள் நிறுவனத்தையும், அகராதி வேலையையும், கம்ப்யூட்டருக்குத் தமிழ் பழக்குகிறவர்களையும் பற்றிச் சொன்னேன். உறுதி ஒன்றும் கூறவில்லை, கூறவும் இயலாது.

ஆனால் அவரிடம் சொல்ல வேறொரு விஷயம் இருந்தது. உபாத்தியாயராக வந்த புதிதில், ஒரு பையன் இங்கிலீஷ் கட்டுரையில் 'வெண்ட்' என்பதற்குப் பதில் 'கோட்' என்றும், 'கேம்' என்பதற்குப் பதில் 'கம்ட்' என்றும் எழுதியிருந்தான். வகுப்பு முழுவதும் சிரிக்க, அவனைப் பெஞ்சியின் மேல் ஏற்றி நிறுத்தினேன். அதற்குப் பிறகு அவன் கட்டுரை எழுதுவதையே நிறுத்திவிட்டான். வெறும் தாளை நீட்டினான்.

பல வருஷம் சென்ற பிறகு, எடின்பரோவில் இருந்த பிட் கார்டர் என்பவர் 1967-இல் எழுதிய கட்டுரை ஒன்று என் கைக்குக் கிட்டியது. எடின்பரோவில் பயன்பாட்டு மொழியியலுக்கென்றே 1957-இல் ஒரு கல்விப் பிரிவை ஆரம்பித்திருந்தார்கள். கை தவறி வரும் பிழை வேறு, திரும்பத் திரும்ப ஒரே விதமாக வரும் பிழை வேறு என்கிறார் கார்டர். பின்னது மாணவன் தன் மனத்துக்குள் ஒரு விதியை அமைத்துக்கொண்டான் என்பதற்குச் சான்று. 'கோட்' என்று எந்தப் புஸ்தகத்திலும் இல்லை; ஒருவரும் அவனுக்குக் கற்பிக்கவில்லை. இறந்தகாலம் எப்படி அமைகிறது என்பதைத் தானே கண்டுபிடித்து, ஒரு படி அதிகமாகப் பிரயோகித்துவிட்டான். கற்றுக்கொண்டதற்காகவே நான் அவனைத் தண்டித்திருந்தேன்!

இதே துறையைச் சேர்ந்த பிரபு என்பவர் 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில், இலக்கண விதிகளைப் போதிக்காமல், ரயில் கால அட்டவணையையும் ஊர்ப் படத்தையும் கொடுத்துக் கணக்குப் போல வினாக்களை விடுவிக்கச் செய்து இங்கிலீஷ் கற்பித்துப் பார்த்தார். அந்த முறையை நான் முழுவதும் ஏற்கவில்லை. அறுபது பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் அது கஷ்டம். ஆயினும் என் சிவப்பு மையின் செலவு அன்று முதல் பாதியாகக் குறைந்துவிட்டது.

நண்பர் நெடுநேரம் பேசாமலிருந்து, பிறகு எழுந்து போனார். ஆடி பிறந்து, பெண் சிதம்பரம் சேர்ந்தாள்.

தீபாவளி கழித்து அவர் என்னைக் கடைத்தெருவில் பிடித்துக்கொண்டார். "லீவுக்கு வந்தாள் ஸார். திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் எங்கள் அம்மா 'வாளப்பளம்' என்கிறாள். 'வாழைப்பழம் என்று சொல்லுங்கள் பாட்டி' என்று திருத்த வேண்டாமா? இவள் நோட்டை எடுத்து அப்படியே எழுதிக்கொள்கிறாள்! 'இன்னொரு தடவை சொல்லுங்கள் பாட்டி' என்று வேறு கெஞ்சுகிறாள். கிழவிக்கோ ஒரே பெருமை, நாள் முழுவதும் வாய் மூடவில்லை" என்றார்.