விசா நேர்முகமும் கண்டியிலிருந்து திட்டமிடலும்

அமெரிக்கச் சுற்றுலா விசாவுக்கான நேர்முகம் கொழும்புத் தூதரகத்திலேயே நடைபெறுவதால், கண்டியை அடுத்த பேராதனையிலோ கட்டுகஸ்தோட்டையிலோ வாழும் விண்ணப்பதாரர் ஏறத்தாழ 115 கிலோமீட்டர் பயணத்தையும் தம் திட்டத்தில் சேர்த்தாக வேண்டும். காத்திருப்புக் காலம் என்பது நேர்முகத்திற்கான நாள் கிடைக்கும்வரை செல்லும் காலத்தையே குறிக்கும். நேர்முகத்தின் பின்னர் சில விண்ணப்பங்கள் உட்படுத்தப்படும் மேலதிகப் பரிசீலனை அதில் அடங்காது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இணையப் படிவத்தை நிரப்பி, திரும்பப் பெற முடியாத 185 டொலர் கட்டணத்தைச் செலுத்திக் கிடைக்கும் நாளை முதலில் உறுதிசெய்துகொண்டு, பிறர் கைவிடும் முந்திய நாட்களைத் தொடர்ந்து தேடுவதே பயனுள்ள வழியாகும். நெருங்கிய உறவினரின் மரணம், அவசர மருத்துவம் ஆகியவற்றுக்கு விரைவு நேர்முகம் கோரலாம். திருமணமும் பட்டமளிப்பும் பொதுவாக அவ்வாறு ஏற்கப்படுவதில்லை என்பது குடும்பங்களுக்கு வேதனை தருவதே. விசா கைக்கு வருமுன் விமானச்சீட்டு வாங்கலாகாது. மழைக்காலத்தில் கண்டியிலிருந்து கொழும்பு செல்லும் வழியிலுள்ள கடுகண்ணாவைப் பாதை மண்சரிவால் மூடப்படக்கூடும் என்பதால், நேர்முகத்திற்கு முந்திய நாளே கொழும்பை அடைவது நல்லது.