வாய் திறக்காத கார்: ஸ்மாக் செக் சந்தேகங்களும் விளக்கங்களும்

கலிஃபோர்னியாவில் கார் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வந்து சேரும் தலைவலி, ஸ்மாக் செக் எனும் புகை மாசுச் சோதனை. எட்டு மாடல் ஆண்டுக்கு உட்பட்ட பெட்ரோல் வண்டிகளுக்கு இந்த இரண்டாண்டுப் பரிசோதனை கிடையாது. 1975-க்கும் அதற்கு முன்பும் வந்த கிழ வண்டிகளுக்கும் விலக்கு உண்டு. நடுவயசு வண்டிகள்தான் மாட்டிக்கொள்ளும். படிக்கப் போன நம் பிள்ளைகள் முதலில் வாங்குவதும் பெரும்பாலும் அப்படியொரு கேம்ரியோ சிவிக்கோதான். எஞ்சின் கிண்ணென்று ஓடும், புகை துளியும் இருக்காது, செக் எஞ்சின் விளக்கும் எரியாது. ஆனாலும் கையில் தரும் தாளில் ‘ஃபெயில்’ என்றிருக்கும். கேட்டால், காரின் கம்ப்யூட்டர் சோதனைக் கருவியோடு தொடர்புகொள்ளவில்லை என்பார்கள். இதுபற்றி அதிகம் எழும் சந்தேகங்கள் சிலவற்றை இங்கே பார்க்கலாம்.

புகைக்குழாயைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் பேசவில்லை என்பதற்காக மட்டும் ஃபெயில் போடலாமா?

போடலாம். நம் ஊரில் பி.யூ.சி. சான்றிதழுக்குப் புகைக்குழாயில் குச்சியை நுழைப்பார்கள். அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும். கலிஃபோர்னியாவில் 2015 மார்ச் முதல், 2000-ஆம் ஆண்டு மாடலும் அதற்குப் பிந்தியதுமான பெட்ரோல் கார்களுக்குப் புகைக்குழாய்ச் சோதனை இல்லை. ஒரு கேபிளைச் செருகிக் கம்ப்யூட்டரிடமே விவரம் கேட்பார்கள். கூடவே பாகங்களைக் கண்ணால் பார்ப்பார்கள், பெட்ரோல் டேங்க் மூடி போன்ற சிலவற்றைச் சரிபார்ப்பார்கள். 1999 மாடல் வரையிலான வண்டிகளைத்தான் இன்னும் பல இடங்களில் உருளைமேல் ஏற்றி ஓடவிட்டுப் புகையை அளக்கிறார்கள். 1996 முதல் 1999 வரையிலான வண்டிகளுக்கு இரண்டும் உண்டு.

குழாய்ச் சோதனையில் அந்தச் சில நிமிடங்களின் புகை மட்டுமே தெரியும். கம்ப்யூட்டரோ ஓடும் நேரமெல்லாம் ஆக்ஸிஜன் சென்சாரையும் கேட்டலிடிக் கன்வர்ட்டரையும் கவனித்துக்கொண்டே இருக்கிறது. இந்த வாதம் எனக்கும் சரியாகவே படுகிறது. ஆனால் பேசாத கார் மாசு கக்கும் கார் என்று அர்த்தமில்லை. சந்தேகத்தின் பலனைக் காருக்குக் கொடுத்தால் நாளைக்கு ஆளாளுக்கு வயரை வெட்டிவிட்டு வந்து நிற்பார்கள் என்பதால்தான் விதி கறாராக இருக்கிறது. வேறொரு நல்ல காரில் கேபிளைச் செருகிச் சான்றிதழ் வாங்கும் ‘கிளீன் பிளக்கிங்’ மோசடியே அங்கே நடந்திருக்கிறது.

என் மகன் சாக்ரமென்டோவில் 2003 மாடல் கேம்ரி வைத்திருக்கிறான். ‘கம்ப்யூட்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும்’ என்கிறாராம் மெக்கானிக். மாற்றச் சொல்லலாமா?

அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். சோதனை நிலையத்துக்கு வண்டி தானாகத்தான் ஓடிப் போயிருக்கிறது. எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல், எப்போது ஸ்பார்க் என்று நொடிக்கு நொடி முடிவு செய்வது அதே கம்ப்யூட்டர்தான். அது செத்திருந்தால் வண்டி வீட்டு வாசலைத் தாண்டியிருக்காது. வெளியே பேசுவதற்கென்று உள்ளே இருக்கும் தனி சிப் மட்டும் எரிந்துபோவது உண்டு. ஆனால் வரிசையில் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது அது.

முதலில் சாக்கெட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்தால் 16 பின் கொண்ட சாக்கெட் ஒன்று தெரியும். 1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்ற எல்லாப் பெட்ரோல் கார்களிலும் இதற்கு ஒரே வடிவம்தான். 16-ஆவது பின்னுக்குப் பேட்டரியிலிருந்து 12 வோல்ட் வரும். 4, 5 இரண்டும் எர்த். செருகும் கருவிக்கு உயிர் கொடுப்பது இந்த 12 வோல்ட்தான். பல கார்களில் சிகரெட் லைட்டருக்கும் இந்தப் பின்னுக்கும் ஒரே ஃபியூஸ் என்பது பலருக்குத் தெரியாது. லைட்டர் குழிக்குள் ஒரு சில்லறைக் காசு விழுந்தாலோ, மட்டமான போன் சார்ஜரின் முனை உடைந்து மாட்டிக்கொண்டாலோ ஃபியூஸ் போய்விடும். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது என்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ‘கொஞ்ச நாளாகக் காரில் போன் சார்ஜ் ஏறுவதில்லை’ என்று அப்படிப்பட்ட காரை ஓட்டுபவர் சொன்னால் பாதிக் கண்டுபிடிப்பு முடிந்தது. சில டாலர் ஃபியூஸோடு விஷயம் தீரலாம்.

ஃபியூஸ் சரியாக இருந்தால் டார்ச் அடித்து சாக்கெட்டுக்குள் பார்க்க வேண்டும். இருபது வருடமாக ஆளாளுக்குச் செருகிப் பிடுங்கியதில் உள்ளே இருக்கும் தகடுகள் அகண்டு தளர்ந்திருக்கும். ஒன்றிரண்டு பின்கள் பின்பக்கமாகத் தள்ளப்பட்டும் போயிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும், கேபிளும் ‘க்ளிக்’கென்று உட்காரும். ஆனால் தொடர்பு கிடைக்காது.

பிறகுதான் மல்டிமீட்டர். 16-க்கும் 4-க்கும் இடையே பேட்டரி அழுத்தம் காட்ட வேண்டும். உங்கள் மகனுடையது போன்ற வண்டியில் 7-ஆவது பின்தான் பேசும் வயர். சாவியை ஆன் செய்தால் அதிலும் ஏறக்குறைய பேட்டரி அழுத்தம் நிற்க வேண்டும். சுழியம் காட்டினால் அந்த வயர் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது எர்த்தில் உரசுகிறது. 2008 முதல் அமெரிக்காவில் எல்லாக் கார்களுக்கும் ‘கேன்’ முறை கட்டாயமானது. அதில் 6, 14 பின்களைப் பார்க்க வேண்டும். இரண்டு முனைகளிலும் 120 ஓம் மின்தடை இருப்பதால், பேட்டரியைக் கழற்றிவிட்டு அளந்தால் சுமார் 60 ஓம் காட்டும். 120 காட்டினால் ஒரு முனை அறுந்துவிட்டது. சுழியத்தை ஒட்டிக் காட்டினால் இரண்டு வயரும் ஷார்ட். இத்தனையும் பார்த்த பிறகும் மெக்கானிக் கம்ப்யூட்டரைத்தான் கை காட்டினால், அப்போது நம்பலாம். இதில் ஒன்றையும் அளக்காமல் விலை சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

புது ஸ்டீரியோ மாட்டியதற்கும் ஸ்மாக் செக்குக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. 1990-களின் கடைசியிலும் 2000-களின் தொடக்கத்திலும் வந்த சில ஃபோக்ஸ்வாகன், ஆடி கார்களில் ரேடியோவின் பின்பக்க கனெக்டருக்கும் அந்தப் பேசும் வயர் வரும். கம்பெனி ரேடியோவும் தன் கோளாறை அதே வழியில் சொல்லட்டும் என்று வைத்த ஏற்பாடு. வெளிக்கடை ஸ்டீரியோவில் அதே இடத்தில் வேறு இணைப்பு இருக்கும். நேராகச் செருகிவிட்டால் பேசும் வயரில் 12 வோல்ட்டோ எர்த்தோ ஏறி நின்றுவிடும். பாட்டு பிரமாதமாக ஒலிக்கும், கம்ப்யூட்டர் ஊமையாகிவிடும். ஸ்டீரியோவின் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஸ்கேன் செய்தால் குட்டு வெளிப்படும். அந்த வயரை விலக்கித் தரும் அடாப்டர்கள் கடையில் கிடைக்கின்றன. அலாரம், ரிமோட் ஸ்டார்ட்டர், இன்ஷூரன்ஸ் கம்பெனி தந்த, சாக்கெட்டில் செருகும் டாங்கிள் எல்லாமே இதே சந்தேகப் பட்டியலில் வரும். சோதனைக்குப் போகும் முன் டாங்கிளைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

மெக்கானிக்கின் ஸ்கேனரில் எல்லாம் வருகிறது. சோதனை நிலையத்தில் மட்டும் வரவில்லை. யார் பொய் சொல்கிறார்கள்?

இருவருமே உண்மை சொல்லலாம். பெரிய ஸ்கேனர்கள் அந்தந்தக் கம்பெனியின் சொந்த முறையிலும் கம்ப்யூட்டரிடம் கேட்கும். ஸ்மாக் செக் கருவி சட்டம் வகுத்த பொது முறையில் மட்டும் கேட்கும். ஒன்று வேலை செய்து மற்றது செய்யாமல் போகலாம். ஆகவே மெக்கானிக்கிடம், ‘பொது ஓ.பி.டி. முறையில் வருகிறதா’ என்று குறிப்பாகக் கேளுங்கள்.

பழைய கார்களின் பொது முறையும் ஒன்றல்ல. 2008-க்கு முன்பு ஜி.எம். ஒரு முறை, ஃபோர்டு ஒரு முறை, ஜப்பானிய, ஐரோப்பியக் கார்கள் பல வேறொரு முறை. டொயோட்டா போன்றவை பயன்படுத்திய பழைய முறையில், கருவி முதலில் வினாடிக்கு 5 பிட் வேகத்தில் ஒரு முகவரியை அனுப்பிக் கம்ப்யூட்டரை எழுப்ப வேண்டும். பத்து பிட்டுக்கு முழுதாக 2 வினாடி. புதிய ‘கேன்’ முறை வினாடிக்கு 5 லட்சம் பிட் வரை அனுப்பும். அந்த இரண்டு வினாடிக்குள் நலிந்த பேட்டரி தடுமாறினாலோ வேறு கருவி குறுக்கிட்டாலோ எழுப்பல் தோற்றுவிடும். சாவியை அணைத்து, கொஞ்சம் பொறுத்து, மறுபடி ஆன் செய்து இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.

இருபது டாலருக்குக் கிடைக்கும் புளூடூத் கருவிகளை வைத்து வீட்டிலேயே பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இ.எல்.எம். 327 என்ற பெயரில் வரும் போலிகள் சில பழைய முறைகளை ஆதரிப்பதே இல்லை. அதில் வரவில்லை என்பதற்காகக் காரைக் குறைசொல்ல வேண்டாம்.

பேட்டரியைக் கழற்றி மாட்டினோம், இப்போது பேசுகிறது. மறுபடியும் ஃபெயில். இது என்ன கூத்து?

பேட்டரியைக் கழற்றியதும் கம்ப்யூட்டர் தன் சுயசோதனைப் பதிவுகளை அழித்துவிடும். மானிட்டர் எனப்படும் அந்தச் சோதனைகளை அது ஒவ்வொன்றாகத் திரும்ப முடிக்கும்வரை ‘தயாராக இல்லை’ என்றே சொல்லும். கலிஃபோர்னியாவில் 2000 மாடலும் அதற்குப் பிந்தியதுமான பெட்ரோல் வண்டிக்கு பெட்ரோல் ஆவி மானிட்டர் ஒன்று மட்டும் முடியாமல் இருக்கலாம். 1996–1999 வண்டிக்கு ஏதாவது ஒன்று பாக்கி இருக்கலாம். அதற்குமேல் சலுகை இல்லை.

கடைக்குப் போய்ப் பால் வாங்கி வரும் ஓட்டத்தில் மானிட்டர்கள் முடியாது. இரவு முழுக்க ஆறிய எஞ்சினைக் காலையில் கிளப்பி, ஊருக்குள் கொஞ்சம், ஃப்ரீவேயில் சீரான வேகத்தில் கொஞ்சம் எனச் சில நாள் ஓட்ட வேண்டும். டேங்க் நிரம்பி வழியவும் கூடாது, காலியாகவும் இருக்கக் கூடாது. காருக்குக் கார் முறை மாறும் என்பதால் உங்கள் மாடலின் ‘டிரைவ் சைக்கிள்’ என்ன என்று விசாரித்துக்கொள்ளுங்கள். சோதனைக்கு முந்தைய நாள் பேட்டரி மாற்றுவது வம்பை விலைக்கு வாங்குவது.

பழைய வண்டி உடைக்கும் யார்டில் அதே மாடல் கம்ப்யூட்டர் மலிவாகக் கிடைக்கிறது. போடலாமா?

பார்ட் நம்பர் ஒத்துப்போக வேண்டும். சாவியில் சிப் உள்ள வண்டி என்றால் புதிய கம்ப்யூட்டருக்குச் சாவியை அறிமுகப்படுத்தாமல் ஸ்டார்ட்டே ஆகாது. 2005 மாடலும் அதற்குப் பிந்தியதுமான கலிஃபோர்னியா வண்டிகளில் கம்ப்யூட்டரே வண்டியின் வி.ஐ.என். எனும் அடையாள எண்ணையும் சொல்லும். அது வேறொரு காருடையதாக இருந்தால் கேள்வி வரும். 2021 ஜூலை 19 முதல் மென்பொருளில் கைவைத்திருக்கிறார்களா என்பதையும் ஸ்மாக் செக்கில் பார்க்கிறார்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று. இன்னும் பேசவில்லை. ரெஜிஸ்ட்ரேஷன் தேதி நெருங்குகிறது. என்ன செய்வது?

சில பழைய மாடல்கள் தொழிற்சாலையிலிருந்தே தொடர்புக் குறையோடு வந்தவை. உங்களுடையது அப்படி என்று மெக்கானிக் நினைத்தால், மாநிலத்தின் ஸ்மாக் செக் ரெஃப்ரீயிடம் நேரம் வாங்குங்கள். தகராறுள்ள வண்டிகளைப் பார்ப்பதற்கென்றே உள்ள ஏற்பாடு அது. வருமானம் குறைந்தவர்களுக்கு ஸ்மாக் செக்கில் தோற்ற வண்டியைச் சரிசெய்ய மாநில அரசின் உதவித் திட்டமும் உண்டு.

ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணத்தை மட்டும் தேதிக்குள் டி.எம்.வி. எனும் மாநில வாகனத் துறையில் கட்டிவிடுங்கள். ஸ்மாக் சான்றிதழ் பின்னால் வந்தாலும் தாமத அபராதம் விழாது. சோதனையில் தோற்ற தாளைக் காட்டினால், 50 டாலர் கட்டி ஒருமுறை மட்டும் 60 நாள் தற்காலிக அனுமதி வாங்க வழி இருக்கிறது. ஃபியூஸ் தொடங்கி மீட்டர் அளவு வரை யார் எதைப் பார்த்தார் என்று பில்லிலேயே எழுதி வாங்கி, ரெஃப்ரீயிடம் போகும்போது கையோடு எடுத்துப் போங்கள்.